சின்னக் கிட்டார் எது வாங்கலாம் என்று கேட்டவர்களுக்கு



போன வாரம் ஒரு படம் போட்டிருந்தேன். பாண்டியன் எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த்தில் டீச்சரம்மா, பக்கத்தில் நான், என் மடியில் ஒரு சின்னக் கிட்டார். அதற்கு வந்த கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத இந்த விரல்களால் ஆகாது. "சார், நீங்க கிட்டார் வாசிப்பீங்களா? எங்ககிட்ட சொல்லவே இல்லையே!" என்று பாதிப் பேர். "பேரனோடதா மாமா?" என்று உறவில் சிலர். மூன்று பேர் மட்டும் விஷயத்துக்கு வந்து, "ஊர் ஊராகப் போகும்போது கையில் எடுத்துப் போக, சும்மா வாசிக்க, எந்த மாதிரிக் கிட்டார் வாங்கலாம் சார்?" என்று கேட்டிருந்தார்கள். அந்த மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். கொஞ்சம் நீளம், காபி போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில். 1982-ல் நான் ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருந்தேன். அந்த வருடம்தான் 'பயணங்கள் முடிவதில்லை' வந்தது. அந்தப் படத்தின் பாட்டுகளைக் கேட்டுவிட்டுக் கிட்டார் கற்க ஆசைப்படாத வாலிபன் எங்கள் விடுதியில் இல்லை. ஆசைப்பட்டவர்களில் ஒருவனிடம் மட்டும் கிட்டார் இருந்தது; அவன் என் அறைத் தோழன். அவன் சொல்லிக்கொடுத்த ஆறு கார்டுதான் என் மொத்தச் சொத்து. வேலை கிடைத்து இரண்டு வருடம் கழித்துக் கல்கத்தாவில் செய்த முழு அளவுக் கிட்டார் ஒன்று வாங்கினேன். ஐந்தாம் வகுப்பு வாத்தியார் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் அந்தக் காலத்தில் ஊர் சும்மா இருக்காது. அதனால் அது வீட்டோடு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எடுப்பேன், ஆறு கார்டையும் ஒரு சுற்று வாசிப்பேன், பீரோ மேலே வைத்துவிடுவேன். அவ்வளவுதான்.

இப்போது ஏன் சின்னக் கிட்டார் தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான், நான் எதைப் பார்த்து வாங்கினேன் என்பது உங்களுக்குப் புரியும்.

2023 ஆடி மாதம் டீச்சரம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மூளையின் இடது பக்கம். அதனால் வலது கை, வலது கால் தளர்ந்தன; பேச்சும் நின்றுபோனது. நாம் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்குகிறது. பதில் உள்ளே இருக்கிறது. வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. முப்பது வருடம் காலை வழிபாட்டில் உங்களையெல்லாம் வரிசையில் நிறுத்திப் பாட வைத்தவர், தண்ணி வேண்டும் என்று கேட்க முடியாமல் என் சட்டையைப் பிடித்து இழுப்பார். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத வேண்டாம்.

வீட்டுக்கு வந்து ஆறு வாரம் இருக்கும். ஒரு நாள் காலை, அடுத்த தெருப் பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் தமிழ்த்தாய் வாழ்த்து கேட்டது. அடுக்களையில் இருந்த எனக்கு இரண்டு குரல் கேட்கிற மாதிரி இருந்தது. ஓடி வந்து பார்த்தால், கட்டிலில் சாய்ந்தபடி இவர் பாடிக்கொண்டிருக்கிறார். முனகல் இல்லை, வார்த்தை வார்த்தையாக, கடைசி வரி வரைக்கும். பாட்டு முடிந்ததும், "இப்ப என்ன பாடினே, சொல்லு" என்று கேட்டேன். வாய் திறந்தது. ஒரு எழுத்தும் வரவில்லை.

சென்னையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மா இதைக் கேட்டு ஆச்சரியப்படவே இல்லை. பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்து வேலை, பாடுவதில் வலது பக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு, அதனால் பேச முடியாத சிலரால் பழகிய பாட்டைப் பாட முடியும் என்றார். இதை வைத்தே 1973-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஒரு பயிற்சி முறை உருவாக்கியிருக்கிறார்கள். அன்றாடம் வேண்டிய வார்த்தைகளை மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம் வைத்துப் பாட வைப்பது. கூடவே இடது கையால் அசைக்கு ஒரு தட்டு. "தண்-ணி-வே-ணும்" என்று நான்கு தட்டு. பழகப் பழகப் பாட்டைக் குறைத்துப் பேச்சுக்குக் கொண்டுவருவது. எல்லோருக்கும் பலிக்கும் என்று அவர் சொல்லவில்லை. முயன்று பார்க்கலாம் என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி இருந்தால், என் பதிவை வைத்துக்கொண்டு நீங்களாக எதையும் ஆரம்பிக்க வேண்டாம். முறையாகப் படித்த பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள்.

மாதம் ஒரு முறை சென்னைக்குப் போய் மகள் வீட்டில் பத்து நாள் தங்கிப் பயிற்சி. மீதி நாள் இங்கே திண்டுக்கல்லில் என் பொறுப்பு. சுருதிக்கு ஏதாவது வேண்டும். கைபேசியில் சுருதிப் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதையும் வைத்தோம். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் ஒரு அசையில் தடுக்கி நின்றால் அது நிற்காது. கையால் வாசிக்கிற வாத்தியம் காத்திருக்கும். பீரோ மேலிருந்த கிட்டாரை இறக்கினேன்.

அது சரிப்படவில்லை. கிட்டாரின் குற்றம் இல்லை, இடம் இல்லை. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு முக்காலி போட்டு நான் உட்கார்ந்தால், 41 அங்குல நீளத்துக் கிட்டாரின் கழுத்து ஜன்னல் கம்பியில் இடிக்கும். அதன் வயிறு எனக்கும் அவருக்கும் நடுவே ஒரு பெட்டி மாதிரி நிற்கும். அவருடைய இடது கை நன்றாக இருக்கிறது. அந்தக் கையால் கம்பியைத் தொட ஆசைப்பட்டு நீட்டுவார், எட்டாது. ரயிலில் அதைவிட மோசம். நடை வண்டி, மருந்துப் பை, துணிப் பெட்டி எல்லாம் வைத்தபின் பெர்த்துக்கு அடியில் அதற்கு இடம் ஏது?

ஆக என் தேவை நான்கு. அவர் கை எட்டுகிற அளவு உடம்பு. பெர்த்தில் கால்மாட்டில் படுக்க வைக்கிற நீளம். காலையில் விறைத்துக்கொள்ளும் என் மோதிர விரலுக்கு நோகாத கம்பி. அவருடைய சுருதிக்குச் சேர்கிற ஓசை. பணம் 15 ஆயிரத்துக்குள். இதை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தாள் இல்லாமல் போனால் கடைக்காரர் எதை எடுத்து மடியில் வைக்கிறாரோ அதுதான் உங்கள் தேவை என்று ஆகிவிடும். ஒரு கடையில் என் தலைமுடியைப் பார்த்துவிட்டு, "குழந்தைக்கா சார்? பிங்க் கலர்ல ஒண்ணு இருக்கு" என்றார் அந்தத் தம்பி. தாளைக் காட்டிய பிறகு நாற்காலி போட்டார்.

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

கிட்டாரில் பார்க்க வேண்டிய முதல் எண், கம்பி அதிர்கிற நீளம். அதாவது தலைப்பக்கம் கம்பி உட்காரும் நட்டுக்கும், கீழே பிரிட்ஜில் அது ஏறி உட்காரும் இடத்துக்கும் இடைப்பட்ட தூரம். முழு அளவுக் கிட்டாரில் இது ஏறக்குறைய 650 மி.மீ. சின்னக் கிட்டார்களில் 540-லிருந்து 600 வரை. இந்த நீளம் குறைந்தால் இரண்டு காரியம் நடக்கும்.

ஒன்று, ஃப்ரெட்டுகள் நெருங்கி வரும். 650-ல் முதல் மூன்று ஃப்ரெட் சேர்ந்து 103 மி.மீ.; 540-ல் 86 தான். விரலை அகட்டும் வேதனை ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் குறைகிறது. வயதானவர்களுக்கும் சின்னக் கை உள்ளவர்களுக்கும் இது பெரிய வித்தியாசம்.

இரண்டு, அதே கம்பியை அதே சுருதிக்குச் சேர்க்கத் தேவையான இழுவை குறையும். நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி குறையும். 540-ஐ 650-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்குங்கள்: 0.69. பெரிய கிட்டாரில் 100 பங்கு இழுவை என்றால் இதில் 69 பங்குதான். விரலுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும். ஆனால் விலை இல்லாமல் எதுவும் கிடைக்காது: இழுவை குறைந்தால் தடித்த கம்பிகள் தொளதொளவென்று ஆகும். ஆறாவது கம்பி, அதாவது மிகத் தடித்த கம்பி, மீட்டியதும் கொஞ்ச நேரம் சுருதி ஏறி இறங்கித்தான் நிலைக்கும். வேகமாகத் தட்டி வாசித்தால் கரகரக்கும். சின்னக் கிட்டார் வாங்கியவர்கள் "ஓசை சரியில்லை" என்று சொல்வதில் பாதி இதுதான்.

இனி நான் பார்த்தவை.

மார்ட்டின் கம்பெனியின் பேக்பேக்கர் என்று ஒன்று. படகுத் துடுப்பு மாதிரி ஒல்லி. 1994-ல் கொலம்பியா விண்கலத்தில் ஏறி விண்வெளிக்கே போய்வந்த ஜாதி. படத்தில் பார்த்ததும் ஆசை வந்தது. மடியில் வைத்தால் நிற்காது. உடம்பு சின்னது, கழுத்து கனம், தலை கீழே சாயும். தோளில் வார் போட்டே ஆக வேண்டும். ஓசையும் மெலிவு. புவியீர்ப்பு இல்லாத இடத்தில் கழுத்துக் கனத்தைப் பற்றி யாருக்குக் கவலை? நமக்குத் திண்டுக்கல்.

பிறகு கிட்டாலேலே. யமஹா செய்கிறது. உக்குலேலே அளவு, ஆறு நைலான் கம்பி, கம்பி நீளம் 433 மி.மீ. பள்ளிப் பைக்கு மேலே கட்டிக்கொண்டு போகலாம். விரலுக்கு இதைவிட மென்மை கிடையாது. சாதாரணக் கிட்டாரில் ஐந்தாவது ஃப்ரெட்டில் காப்போ மாட்டினால் வரும் சுருதியில்தான் இது இருக்கும். விரல் பிடிகள் அதேதான், வருகிற கார்டுதான் வேறு. பயணத்துக்கு மட்டும் என்றால், தனியாக உட்கார்ந்து வாசிப்பவர் என்றால், நான் இதைத்தான் சொல்வேன். சிங்கப்பூரிலிருந்து கேட்ட தம்பி, உனக்கு இதுதான். எனக்கு இதில் கீழ்ச் சுருதி இல்லாமல் போனது. ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மேல்தட்டில் மூன்று பெயர் அடிக்கடி காதில் விழும். லிட்டில் மார்ட்டின், பேபி டெய்லர், ஜிஎஸ் மினி. எட் ஷீரன் என்ற பாடகர் சின்னக் கிட்டாரை வைத்துக்கொண்டு பெரிய மைதானங்களில் பாடுகிறாரே, அவரால் லிட்டில் மார்ட்டினுக்குப் பெயர். அதன் பின்பக்கமும் பக்கவாட்டும் மரம் இல்லை. காகிதத்தையும் பிசினையும் அழுத்திச் செய்த தகடு. நம் வீட்டு மேசை மேல் ஒட்டுகிற மைக்காவின் உறவு. கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அசையாது, பயணத்துக்கு அது நல்ல குணம். பேபி டெய்லர் 1996-லிருந்து இருக்கிறது, நீளம் 22¾ அங்குலம். ஜிஎஸ் மினி 2010-ல் வந்தது, 23½ அங்குலம். மூன்றில் ஜிஎஸ் மினியின் ஓசைதான் பெரிய கிட்டாருக்குப் பக்கத்தில் வருகிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவ்வளவு சின்ன உடம்பா என்று தோன்றும். மூன்றுமே என் தாளில் எழுதிய தொகையை ஏணி போட்டாலும் எட்டாத உயரத்தில் வைத்தன. சம்பாதிக்கிற வயதில் இருப்பவர்கள் யோசிக்கலாம்.

இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் 38 அங்குலக் கிட்டார்களைப் பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். என் மருமகன் ஒன்று வாங்கியிருந்தார், வாசித்துப் பார்த்தேன். கம்பி மரத்திலிருந்து அவ்வளவு உயரத்தில் நின்றது. அழுத்தினால் விரலில் கம்பி பதிந்துவிடும், சுருதியும் விலகும். பழக ஆரம்பிப்பவர் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுவார், தனக்குத் திறமை இல்லை என்றும் நினைத்துக்கொள்வார். எல்லா மலிவுக் கிட்டாரும் அப்படி என்று சொல்லவில்லை. தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

கடைசியில் நான் எடுத்தது யமஹா ஜேஆர்2. 540 மி.மீ., எஃகுக் கம்பி, முக்கால் அளவு. அதைவிட நீளமானதை ஏன் எடுக்கவில்லை, தொளதொளக் கம்பிக்கு என்ன செய்தேன் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

டீச்சரம்மா முன்பு ஐந்து கட்டையில் பாடுவார். இப்போது குரல் அந்த உயரத்துக்கு ஏறவில்லை. நாலு கட்டைதான் சுகம். சாதாரணமாகச் சுருதி சேர்த்த கிட்டாரில் 'ஈ மேஜர்' என்ற முதல் பிடியைப் பிடித்தால் கீழிருந்து ஆறு கம்பியும் இப்படி ஒலிக்கும்: ச, ப, ச, க, ப, ச. தம்புராவுக்குக் காந்தாரம் சேர்த்த மாதிரி. அது மூன்று கட்டை. நாலு கட்டைக்கு வர அரைச் சுரம் ஏற்ற வேண்டும். காப்போ மாட்டினால் ஆயிற்று. ஆனால் நான் காப்போவுக்குப் பதில் ஆறு கம்பியையுமே அரைச் சுரம் ஏற்றிச் சேர்த்துவிட்டேன். மறுபடியும் கணக்கு: அரைச் சுரம் ஏறினால் இழுவை நூற்றுக்குப் பன்னிரண்டு கூடும். 69 பங்கு 77 ஆனது. இன்னும் பெரிய கிட்டாரைவிடக் குறைவுதான், விரலுக்கு நோகாது. ஆனால் தடித்த கம்பியின் தொளதொளப்பு போயிற்று. என் விரலுக்கு வேண்டியதும் அவர் குரலுக்கு வேண்டியதும் ஒரே திருகலில் கிடைத்தன. முழு அளவுக் கிட்டாரில் இதைச் செய்யாதீர்கள். அங்கே இழுவை ஏற்கெனவே அதிகம், பிரிட்ஜ் பெயரும்.

கிட்டாலேலே எனக்கு ஏன் ஆகவில்லை என்று இப்போது தெரிந்திருக்கும். அந்தக் கீழ் 'ச' அதில் இல்லை. எங்களுக்கு அந்தக் கம்பிதான் வேண்டும். கட்டைவிரலால் அதை மீட்டினால் கட்டில் சட்டத்திலேயே அதிர்வு தெரியும்; அதைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அசையை எடுக்கிறார்.

இன்னொரு சந்தோஷம். தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மெட்டமைத்தவர் எம்.எஸ்.விஸ்வநாதன், ராகம் மோகனம், தாளம் திஸ்ரம். மோகனத்துக்குச் சுரங்கள் ச ரி க ப த. நான் சொன்ன முதல் பிடியில் ஒலிப்பவை ச, க, ப மட்டும். ஆக ஒரே ஒரு பிடியை வைத்துக்கொண்டு முழுப் பாட்டுக்கும் கூடவே போகலாம், ராகத்துக்கு அன்னியமான சுரம் ஒன்றும் விழாது. கட்டைவிரல் ஒன்று, விரல்கள் இரண்டு. ஒன்று-இரண்டு-மூன்று என்று திஸ்ரம் தானாக வந்துவிடும். ஆறு கார்டு தெரிந்த எனக்கு ஒரு கார்டு போதுமானதாக ஆயிற்று. இடது கையில் பிடியை நான் வைத்துக்கொள்வேன். சில நாள் மீட்டுவது அவர். தன் இடது கையை நீட்டி, ஒவ்வொரு கம்பியாக. சின்ன உடம்பாக இருப்பதால் எட்டுகிறது.

கடையில் சோதிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் கொண்டு போங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து பாருங்கள். எஃகுக் கம்பிக்கு 2 முதல் 2.5 மி.மீ. நல்லது, 3-க்கு மேல் போனால் சரிசெய்து தரச் சொல்லுங்கள். அதே பன்னிரண்டாவது ஃப்ரெட் கம்பியின் சரிபாதி. அங்கே விரலை லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாகக் கேட்க வேண்டும். விலகினால் அந்தக் கிட்டார் எந்தக் காலத்திலும் சுருதி சேராது. சின்னக் கிட்டாரில் இந்தக் கோளாறு அதிகம் என்பதால் இதைக் கண்டிப்பாகப் பாருங்கள். எல்லா ஃப்ரெட்டிலும் ஒரு முறை அழுத்தி, கரகரப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். கழுத்தின் ஓரத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள், ஃப்ரெட் முனை கீறக் கூடாது. பிறகு கூட வந்தவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லி, நீங்கள் எதிரே உட்கார்ந்து கேளுங்கள். மடியில் வைத்துக் கேட்பதும் எதிரே இருந்து கேட்பதும் ஒன்று இல்லை. கடைசியாக, இருபது நிமிஷம் வாசித்துக்கொண்டு சும்மா உட்காருங்கள். வாங்கப் போகிறவரை எந்தக் கடைக்காரரும் எழுப்பமாட்டார்.

விமானத்தில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்நாட்டு விமானத்தில் கைப்பைக்கு அநேகமாக 7 கிலோதான். எடையில் சின்னக் கிட்டார் தேறிவிடும். நீளத்தில் தேறாது, முக்கால் அளவுக் கிட்டாரே 33, 34 அங்குலம் வரும், பெட்டிக்குச் சொல்லியிருக்கும் அளவைவிட நீளம். உள்ளே விடுவதும் விடாததும் அவர்கள் கையில். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சரக்கில் போட வேண்டி வந்தால் கெட்டியான பெட்டியில் வைத்து, கம்பிகளை இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். மடக்குகிற கிட்டார், காதில் மாட்டிக் கேட்கிற சத்தமில்லாக் கிட்டார் எல்லாம் இருக்கின்றன. எனக்குப் பயன்படாது. கேட்க வேண்டியவர் நான் இல்லையே.

ரயிலில் இந்தத் தொல்லை இல்லை. பை ஒன்று, நல்ல பஞ்சு வைத்தது, அது மட்டும் கணக்குப் பார்க்காமல் வாங்குங்கள். பெர்த்தில் சுவரோரம் கால்மாட்டில் படுக்க வைத்துவிடுகிறேன். ரயில் கிளம்பினதும் எதிர் பெர்த்துக்காரர்களிடம் கேட்டுவிட்டு அரைமணி நேரம் பயிற்சி. இரவு 10 மணிக்கு மேல் பையை விட்டு எடுப்பதில்லை. இதுவரை வேண்டாம் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஒரு முறை கொடைரோட்டில் ஏறியிருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள், தமிழ்த்தாய் வாழ்த்து ஆயிற்றே. ரயில் ஆடுகிற ஆட்டத்தில் மேல் பெர்த் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றார்கள். டீச்சரம்மா பழைய வழக்கப்படி ஒருவனைப் பார்த்துச் சட்டைப் பொத்தானைப் போடச் சொல்லி விரலால் காட்டினார். போட்டான்.

நிறுத்தி வைத்த காரில் மட்டும் கிட்டாரை விடாதீர்கள். சித்திரை வெயிலில் மூடிய காருக்குள் பசை இளகிப் பிரிட்ஜ் தூக்கிவிடும். நம் ஊர் வறட்சிக்கும் சென்னை ஈரத்துக்கும் நடுவே இது மாதம் ஒரு முறை அலைகிறது; ஒட்டுப்பலகை உடம்பு என்பதால் தாங்குகிறது. முழு மரத்தில் செய்த விலை உயர்ந்ததாக இருந்திருந்தால் எனக்குத் தூக்கம் வராது. கம்பியை வாசித்ததும் பழைய பருத்தித் துணியால் துடையுங்கள், வியர்வைதான் அதற்கு எமன்.

பேச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு: "தண்ணி", "போதும்", "வேணாம்" மூன்றும் கிட்டார் இல்லாமலே வருகின்றன. "போதும்" எனக்கு ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது கிடைக்கிறது, பெரும்பாலும் வாசிக்கும்போது. மகளின் பெயர் பாட்டாக வருகிறது, பேச்சாக இன்னும் வரவில்லை. என்னை "ஏங்க" என்று கூப்பிடுவது பங்குனியில் வந்தது. போன மாதத்திலிருந்து சில நாள் காப்போவை முதல் ஃப்ரெட்டில் மாட்டச் சொல்லிக் கை காட்டுகிறார், நாலரைக் கட்டை. நாள் முழுக்க அது நிற்பதில்லை, காலையில் மட்டும்.

அடுத்த பயணம் வருகிற 14-ம் தேதி. சென்னையில் இருக்கும் பிள்ளைகள் வந்து பார்க்க விரும்பினால் காலை 10 மணியிலிருந்து 12-க்குள் வாருங்கள், மத்தியானம் களைத்துவிடுகிறார். பழம், ஹார்லிக்ஸ் வேண்டாம், வீட்டில் கடை வைக்கிற அளவுக்கு இருக்கிறது. உங்கள் பெயரைச் சொல்லி, எந்த வருடம், எந்த வகுப்பு என்று சொல்லுங்கள். ஞாபகம் எல்லாம் பழுதில்லாமல் இருக்கிறது. அவர் ஒரு வார்த்தையைத் தேடும்போது நீங்கள் முந்திக்கொண்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். கை நிதானமாகத் தட்டும், தட்டட்டும். காலை வழிபாட்டில் அவர் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாட்டு ஏதாவது ஞாபகம் இருந்தால் பாதி வரி பாடி நிறுத்துங்கள். மீதியை அவர் பாடுவார். சுருதி மட்டும் நாலு கட்டை.